மழைக்கு முன் ஒருமுறை மாடிக்கு



சென்ற இதழில் இப்பகுதியில் சுவரில் ஏறும் ஓதத்தைப் பற்றிப் பார்த்தோம். இம்முறை தலைக்கு மேலே நோக்குவோம். நம் குடும்பங்கள் பலவற்றுக்குக் கடைத்தெருவில் உள்ள ஒரு கடையோ, கிட்டங்கியோ, வாடகைக்கு விட்ட கட்டடமோதான் வாழ்வாதாரம். அவற்றுள் பெரும்பாலானவை தட்டையான கான்கிரீட் கூரை கொண்டவை. ஆண்டு முழுவதும் அக்கூரையை நாம் நினைப்பதே இல்லை. ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்த பின்புதான் அதன் நினைவு வருகிறது.

எனக்கு மாமா முறையாகும் பெரியவர் ஒருவர் துணிக்கடை வைத்திருக்கிறார். பழைய கூரை ஒழுகுகிறதென்று, பெரிய கட்டடங்களில் போடுவதைப் போன்ற பி.வி.சி. மெம்பரேன் விரிப்பை நிறையச் செலவிட்டுப் போட்டார். சில ஆண்டுகள் கவலையின்றிக் கழிந்தன. பின்பு ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், இரவெல்லாம் பெய்த மழையில் மேல்மாடிச் சரக்கு முழுவதும் நனைந்துவிட்டது. கடனுக்கு வாங்கிய சரக்கு அது. மொத்த வியாபாரிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மாமியின் வளையல்கள் விற்கப்பட்டன.

“மருமகனே, விலை கூடிய சீட்டைத்தானே போட்டேன்? அதுவும் என்னை ஏமாற்றிவிட்டதே!” என்று மாமா மனம் நொந்தார்.

பொறியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினோம். மெத்தென்று வளைய வேண்டிய விரிப்பு, அட்டையைப் போல விறைத்துக் கிடந்தது. ஓரங்கள் சுருங்கி, கைப்பிடிச் சுவரை விட்டு விலகியிருந்தன. விலகிய இடத்தைத் தூக்கிப் பார்த்த பொறியாளர், “குறை சீட்டில் இல்லை, சீட்டுக்கு அடியில் இருக்கிறது” என்றார். பழைய தார் விரிப்பை அகற்றாமல், இடையே எதுவும் இடாமல், அதன் மேலேயே புதியதைப் போட்டிருந்தார்கள்.

தாருக்கும் பி.வி.சி.க்கும் என்ன பகை?

பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தாலே இது விளங்கும். சில திரவங்களைக் கலந்தால் அது ரப்பரைப் போலக் குழையும் என்பதை அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன் 1926இல் கண்டறிந்தார். அத்தகைய நெகிழ்வூட்டிகளைச் சேர்த்தே கூரை விரிப்பைச் செய்கிறார்கள். தார் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த நெகிழ்வூட்டியை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்கிறது. வெப்பத் தடுப்புக்காக இடும் தெர்மகோலும் அவ்வாறே செய்யும். நெகிழ்வூட்டி வெளியேற வெளியேற விரிப்பு சுருங்கும், விறைக்கும், இறுதியில் வெடிக்கும். இதைத் தடுக்க, இடையில் நெய்யாத் துணிவிரிப்பு ஒன்றைப் பரப்பினால் போதும். மொத்தச் செலவில் அது சிறு பகுதியே. மாமாவின் கூரையில் மிச்சம் பிடித்தது அதைத்தான்.

உலகம் இப்பாடத்தைப் பெரும் பொருள் கொடுத்தே கற்றது. ஐரோப்பாவில் 1960களிலிருந்து இவ்விரிப்பு கூரைகளில் பயன்பட்டு வருகிறது. வட அமெரிக்காவில், உள்ளே வலை வைக்காமல் செய்த விரிப்புகள் நாளடைவில் இறுகி, குளிர்காலத்தில் கண்ணாடியைப் போல நொறுங்கின. 1990இல் அந்நாட்டுக் கூரைத் தொழில் சங்கங்கள் இதைப் பற்றிக் கூட்டாக எச்சரிக்கை வெளியிட்டன. இன்று பாலியஸ்டர் வலையையோ கண்ணாடி இழையையோ உள்ளே வைத்தே நல்ல விரிப்புகளைச் செய்கிறார்கள். நம் ஊரில் அத்தகைய குளிர் இல்லை. ஆனால் நம் வெயிலும் நெகிழ்வூட்டியை வெளியேற்ற வல்லதே.

“அப்படியானால் பழைய முறையே மேலல்லவா?” என்று கேட்பீர்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் சேர்த்து, நாட்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்த தளம் நம் முன்னோர் தந்த சிறந்த முறையே. ஆயினும் 10 செ.மீ. கனமுள்ள அத்தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் கனக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் விரிப்போ ஏறத்தாழ 2 கிலோதான். அகன்ற வணிகக் கட்டடங்களுக்கு இந்த வேறுபாடு பெரிது. மேலும், வெண்ணிற விரிப்பு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் கீழ்த்தளத்தில் வெப்பம் குறையும்.

ஒழுகுவது எங்கே?

கூரையின் நடுவில் விரிப்பு ஒழுகுவது அரிது. ஒழுகும் இடங்கள் மூன்று: இணைப்பு, ஓரம், வடிகுழாய் வாய்.

இணைப்புக்குப் பசை தேவையில்லை. ஒரு விரிப்பின் விளிம்பின் மேல் மற்றொன்றின் விளிம்பை ஏற்றி வைத்து, வெப்பக்காற்றுக் கருவியால் இரண்டின் முகத்தையும் உருக்கி, உருளையால் அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஈரமோ தூசியோ இருந்தால் ஒட்டியது போலத் தோன்றும்; ஒட்டியிராது. இணைப்பு ஆறிய பின் முனை மழுங்கிய திருப்புளியை விளிம்பு நெடுகிலும் அழுத்தி இழுத்துப் பாருங்கள். எங்கேனும் உள்ளே நுழைந்தால் அங்கே வேலை முடியவில்லை என்று பொருள்.

ஓரத்தில் விரிப்பு கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு சாணுக்குக் குறையாமல் ஏறி, உலோகப் பட்டையால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பின்னாளில் ஏ.சி. தாங்கிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் துளை போட வருகிறவர்களை உங்கள் அனுமதியின்றி மாடிக்கு விடாதீர்கள். மாமாவின் கூரையில் அத்தகைய துளைகளும் நான்கு இருந்தன.

வடிகுழாய் வாயைத்தான் நாம் மிகவும் மறக்கிறோம். மாமாவின் மாடியில் அதை அடைத்திருந்தவை ஒரு பிளாஸ்டிக் பையும் வேப்பிலைச் சருகும். கணக்கைப் பாருங்கள். 2,400 சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. நீர் தேங்கினால் அதன் எடை ஏறத்தாழ 22 டன்! 2015 டிசம்பர் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவானதை மறக்க இயலுமா? ஒழுகும் நீரைவிட, தேங்கும் நீர் ஆபத்தானது. உள்ளே இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். காரை பெயர்ந்து கடையில் நிற்பவர் தலையில் விழும்.

ஆகவே ஒப்பந்தம் பேசும்போதே இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: விரிப்பின் கனம் என்ன? உள்ளே வலை உண்டா? பழைய தாரை அகற்றுவார்களா, அல்லது இடைவிரிப்பு இடுவார்களா? நீர் வடிகுழாயை நோக்கி ஓடச் சரிவு உண்டா? வேலை முடிந்ததும், கட்டடம் தாங்கும் என்று பொறியாளர் உறுதி கூறினால், வடிகுழாயை அடைத்து ஒரு நாள் முழுவதும் சிறிதளவு நீரை நிறுத்திப் பார்த்த பின்பே கடைசித் தவணையைக் கொடுங்கள். கழித்த பழைய விரிப்பை எரிக்க விடாதீர்கள். அப்புகையில் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு கலந்திருக்கும்.

மாமா மறு ஆண்டு தாரை முழுவதும் சுரண்டியெடுத்துப் புதிதாகப் போட்டார். இம்முறை கையில் திருப்புளியுடன் இணைப்பு இணைப்பாக அவரே குனிந்து பார்த்தார். இப்போது ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் பேரனையும் அழைத்துக்கொண்டு மாடிக்கு ஏறுகிறார். வடிகுழாய் வாயிலிருந்து சருகை அள்ளுவது பேரனின் வேலை.

உங்கள் மாடிக்கு நீங்கள் கடைசியாக ஏறியது எப்போது?