சீட்டு மூலையில் ஒரு கையெழுத்து

முதன்முறையாக டாரட் பார்க்க உட்கார்ந்தபோது, சொல்லப்பட்ட பலனைவிட என்னைப் பிடித்திழுத்தது சீட்டின் மூலையில் பாம்பாக நெளிந்த ஒரு சிறு கையெழுத்துதான். பமீலா கோல்மன் ஸ்மித். 1909இல் லண்டனில் வெளியான அந்த 78 சீட்டுகளையும் வரைந்தவர். அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் எண் சீட்டுகள் என்றால் வெறும் கோப்பைகளும் வாள்களும்தான். அங்கே மனிதர்களைக் கொண்டுவந்து அழவும் நடக்கவும் வைத்தார் இந்தப் பெண். இன்று பலன் சொல்பவர்கள் படிப்பது அவர் வரைந்த முகங்களைத்தானே? ஆனால் கட்டுக்கு நிலைத்ததோ பதிப்பாளர் ரைடர், வரையச் சொன்ன வெயிட் ஆகியோரின் பெயர்கள். சொற்பக் கூலி பெற்ற பமீலா 1951இல் கடனோடு இறந்தார். எதிர்காலம் தெரிகிறதோ இல்லையோ, அண்மைக்காலமாகப் பலர் 'ரைடர்-வெயிட்-ஸ்மித்' என்று எழுதுவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.