நிறம் மாறும் நீரும் ஆசிரியர் கடமையும்

தெளிந்த இரு நீர்மங்களைக் கலந்தபின் சிறிது நேரம் யாதொரு மாறுதலும் தோன்றுவதில்லை. பின்னர், கண்ணிமைக்கும் பொழுதில் கலவை முழுவதும் கருநீலமாகிவிடுகிறது. 1886-ஆம் ஆண்டில் லாண்டோல்ட் என்னும் இரசாயன அறிஞர் விவரித்த இவ்வகைச் சோதனை ‘அயோடின் கடிகாரம்’ என வழங்கப்பெறுகிறது. பள்ளிகளிலும் கிராமப் பொருட்காட்சிகளிலும் இதனைச் செப்பிடு வித்தைபோல் காட்டிவிட்டுக் காரணம் கூறாது விடுவதும் உண்டு. இவ்வழக்கம் கைவிடத்தக்கது.

இத் தாமதத்தில் மாயம் ஏதுமில்லை. டிங்க்சர் அயோடினில் வைட்டமின் ‘சி’ மாத்திரைக் கரைசலைப் போதிய அளவு சேர்த்தால், அயோடின் அயோடைடாக மாறிப் பழுப்பு நிறம் நீங்கும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கஞ்சித் தெளிவும் சேர்ந்த கலவையை இதனுடன் கூட்டினால் இரு வினைகள் ஒருங்கே நிகழ்கின்றன. பெராக்ஸைடு அயோடைடை மெதுவாக அயோடினாக்குகிறது. வைட்டமினோ அதனை உடனுக்குடன் அயோடைடாக மாற்றிவிடுகிறது. வைட்டமின் தீரும்வரை கஞ்சிக்கு அயோடின் கிட்டுவதில்லை. தீர்ந்த கணமே நீலம் தோன்றுகிறது.

வியப்பன்றோ அறிவின் வாயில் என்று சிலர் வினவலாம். உண்மையே, ஆயினும் வாயிலிலேயே நின்றுவிடுவோர் வீட்டினுள் புகுவதில்லை. மஞ்சள் நீர் சுண்ணாம்பால் சிவப்பதை ஆரத்தி எடுக்கும் இல்லத்தார் அறிவர்; அறியாதாரிடம் அதே சிவப்பைத் தெய்வ சக்தியெனக் காட்டி ஏய்க்க இயலும். காரணத்தை மறைத்துச் சோதனை காட்டும் ஊழியர், தம்மை அறியாமலே அத்தகையோருக்குத் துணைபோகிறார்.

ஆதலின், நீலம் தோன்றுவதற்கு முன்னரே அதன் நேரத்தை மாணவர் கணித்துக் கூறுமாறு செய்தல் வேண்டும். மொத்தக் கன அளவை மாற்றாது, அயோடினின் நிறத்தை நீக்கியபின் எஞ்சும் வைட்டமினை இரட்டித்தால் தாமதமும் ஏறத்தாழ இரட்டிக்கும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் தாமதம் ஏறக்குறையப் பாதியாகும். கைக்கடிகாரம் ஒன்றிருந்தால் இவ்விரண்டையும் அளந்தறியலாம். கணக்குப் பிழைப்பின் காரணம் தேடுவதும் கல்வியே. கலவையை எவரும் அருந்தாதவாறும், கண்ணில் தெறிக்காதவாறும் காத்தல் இன்றியமையாதது.

கைதட்டல் சில நொடிகளில் ஓய்ந்துவிடும். தான் குறித்த நொடியில் நீலம் தோன்றக் கண்ட சிறுவன், வேறெந்த அற்புதத்தைக் காணினும் காரணம் கேட்கத் தயங்கான்.