நெடுந்தொடரும் நம் இல்லத்துத் தமிழும்

‘பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராவிட்டால் என்ன? மாலையில் தொடர் பார்க்கையில் காதிலாவது தமிழ் விழுகிறதே’ என்று பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஆறுதல் கூறிக்கொள்கின்றனர். அவ்வாறுதல் பொய்யானது. அல்சூர் ஏரியருகே 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009-இல் திறக்கப்பட்டபோது கூடி மகிழ்ந்தோம். ஆயின், வீட்டினுள் நாள்தோறும் திறந்திருக்கும் பெட்டி வழங்கும் தமிழ் எத்தகையது என்று எவரும் கேட்பதில்லை.

தொடர் பார்ப்பதே இழிவு என்னும் புலவர் கட்சியைச் சேர்ந்தவனல்லன் நான். பிரேசில் நாட்டைப் பாருங்கள். பெர்னார்டோ கிமராயிஸ் என்பார் 1875-இல் எழுதிய நாவலை, குளோபோ நிறுவனம் 1976-இல் ‘அடிமை இசவுரா’ என்னும் நெடுந்தொடராக்கி, நூறே பகுதிகளில் முடித்தது. நாவல் வெளிவந்த காலத்தில் அந்நாட்டில் அடிமை முறை நடப்பில் இருந்தது. அது ஒழிந்தது 1888-இல்தான். அடிமைப் பெண்ணை வெண்ணிறத்தாளாகப் படைத்த குறை அக்கதைக்கு உண்டு. எனினும், தன் நாட்டின் பழியைத் தன் நாட்டு இலக்கியத்திலிருந்தே எடுத்துக் காட்டிய துணிவு பெரிதன்றோ? சோவியத் நாட்டில் அது ஒளிபரப்பானபின், பண்ணையைக் குறிக்கும் ‘ஃபசெந்தா’ என்னும் போர்த்துகீசியச் சொல்லால் உருசியர் தம் ஊர்ப்புறத் தோட்டவீடுகளை வேடிக்கையாக அழைக்கலாயினர். ஒரு தொடர் அயல்மொழிக்கே சொல் ஈந்தது! நம் தொடர்கள் நம் பிள்ளைகளுக்கு ஈந்த சொல் யாது? சாபமும் சவாலும் தவிர வேறொன்றும் என் நினைவுக்கு வரவில்லை.

‘சித்தி’ 1999-இல் தொடங்கியபோதும், ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் துயரை ‘மெட்டி ஒலி’ 2002 முதல் சொன்னபோதும், அவற்றில் வாழ்க்கையின் சாயல் இருந்தது, மறுக்கவில்லை. பின்னர் வந்தவற்றில் பலவோ, ஒரு வீட்டுக் கூடத்தை விட்டு வெளியேறா. அங்கே தொழில் இல்லை, கூலி இல்லை, ஊர் இல்லை. சூழ்ச்சி ஒன்றே உண்டு. ஒரே முகத்தை மும்முறை காட்டி முரசறைவதையும் கதையென்கின்றனர்.

நாவல் நமக்குப் பஞ்சமா? சிவசங்கரியின் ‘ஒரு மனிதனின் கதை’ தூர்தர்ஷனில் வந்தபோது, குடியின் கேட்டை வீடுதோறும் பேசினர். நாம் வாழும் இம்மாநிலத்திலேயே பைரப்பாவின் ‘கிருஹபங்க’ நாவலைக் கிரீஷ் காசரவள்ளி தொடராக்கினார். தமிழர் ஆர்.கே. நாராயணின் மால்குடிக் கதைகளுக்கு ஆகும்பேயில் உயிர் கொடுத்தவரும் கன்னடரான சங்கர் நாகே! பக்கத்து வீட்டார் செய்வதைப் பார்த்தாவது நமக்கு உறைக்க வேண்டாமா?

ஆதலின், தொலைக்காட்சி நிலையத்தாரை நம் சங்கம் எழுத்து மூலம் கேட்கட்டும். உப்பளத் தொழிலாளரைப் பாடுபொருளாக்கிய ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ இருக்கிறது. நமக்கு இன்னும் அண்மையில், 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கவயல் இருக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக அச்சுரங்கத்துள் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர், இன்று விடியுமுன் ரயிலேறி இந்நகருக்கு வேலைக்கு வருகின்றனர். நூறு பகுதிக்குப் போதாத கதையா அது?