எடை குறைந்தால் தெளிப்பு குறைந்ததாகுமா?

இந்திய விவசாயி பூச்சிமருந்தை அளவுக்கு மீறி அடிக்கிறார் என்று யாராவது சொன்னால், துறை சார்ந்தவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: ஹெக்டேருக்கு ஒரு கிலோகூட இல்லை, சீனாவைப் பாருங்கள். கணக்கு தப்பில்லை. 1990-91இல் நாடு சுமார் 75,000 டன் பயன்படுத்தியது. 1997இல் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்து தடைசெய்யப்பட்டது, 2000-01இல் பயன்பாடு 44,000 டன்னுக்குள் இறங்கியது. அண்மை ஆண்டுகளில் 60,000 டன்னை ஒட்டி நிற்கிறது. ஆனால், மருந்து வாசமே அறியாத மானாவாரி வரகையும் வாராவாரம் டேங்க் ஏறும் கத்திரித் தோட்டத்தையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து வந்த சராசரிதான் அந்த ஹெக்டேர் கணக்கு. காய்கறியைப் பற்றி இதிலிருந்து எதுவும் தெரியாது.

எடையை நம்புவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கார்பரில் போன்ற பழைய மருந்துகள் ஹெக்டேருக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று போனவை. இன்று காய்ப்புழுவுக்கு அடிக்கும் குளோரான்ட்ரனிலிபுரோலின் வீரியப் பொருள் கத்திரிக்கு 40 கிராம் போதும். எமாமெக்டினுக்குப் பத்து கிராம் அளவுதான். அரைக் கிலோ கார்பரிலை ஒரே முறை அடித்த இடத்தில் புதிய மருந்தைப் பன்னிரண்டு முறை அடித்தாலும் எடை குறைந்துவிட்டதாகவே புள்ளிவிவரம் காட்டும். புதியவை பலவும் மனிதருக்கு முந்தையவற்றைவிட நஞ்சு குறைந்தவை என்பது உண்மை. அந்த மாற்றத்தைக் குறைசொல்ல மாட்டேன். கிராமில் வந்த குறைவை, தெளிப்பே குறைந்துவிட்டதாகக் காட்டுவதுதான் ஒப்புக்கொள்ள முடியாதது.

கத்திரியில் தெளிப்பு ஏன் குறையாது என்பதற்கு அந்தக் காய்ப்புழுவே காரணம் சொல்லும். முட்டை பொரிந்த சில மணி நேரத்தில் அது குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். போன துளையைக் கழிவால் அடைத்தும் கொள்ளும். அதற்குப் பிறகு மேலே அடிக்கும் மருந்து பெரும்பாலும் அதைத் தொடாது. எனவே புழுவைப் பார்த்து அடிப்பது போய், நாள் கணக்கு வைத்து அடிப்பது வழக்கமாகிவிட்டது. வாடித் தொங்கும் குருத்தைக் கிள்ளி எரிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறியும் நல்ல பலன் தரும்தான். ஆனால் பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து செய்ய வேண்டும், கிள்ளுவதற்குக் கூலி ஆள் கிடைக்க வேண்டும். சந்தையிலோ ஒரு ஓட்டை தென்பட்டால் மூட்டை முழுவதும் சொத்தை விலைக்குப் போய்விடும். அடுத்த டேங்கின் செலவைவிட அந்த இழப்பு பெரிது.

அடுத்தது காத்திருப்புக் காலம். மேலே சொன்ன குளோரான்ட்ரனிலிபுரோலை அடித்த பிறகு தக்காளி பறிக்க 3 நாள் பொறுக்க வேண்டும், வெண்டைக்கு 5 நாள், கத்திரிக்கு 22 நாள். கத்திரியோ மூன்று நான்கு நாளுக்கு ஒரு பறிப்பு. விதியை மதிக்கிற விவசாயி ஐந்தாறு பறிப்பைச் செடியிலேயே முற்றவிட வேண்டும். யார் விடுவார்? அனுமதி தந்த மேசையில் இருந்தவர்களுக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. மோனோகுரோட்டோபாஸ் கதையும் இப்படித்தான். 2005இலேயே காய்கறிக்குத் தடை. நெல்லுக்கும் பருத்திக்கும் அனுமதி நீடித்தது. ஒரே கடை, ஒரே பாட்டில். அது வரப்பைத் தாண்டாது என்று நம்பினார்கள்.

2015இல் தமிழகக் காய்கறியில் நஞ்சு எச்சம் என்று கேரளம் சொல்ல, இங்கிருந்து மறுப்பு போனது. சண்டை முழுவதும் காயில் மிஞ்சியதைப் பற்றித்தான். எச்ச ஆய்வு அவசியம்தான். ஆனால் எத்தனை முறை அடித்தார்கள், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தவர் எவ்வளவு சுவாசித்தார் என்பதெல்லாம் ஆய்வகத்துக்கு வரும் காயில் தெரியாது.

பிரிட்டனில் திறந்தவெளிக் காய்கறிகளுக்கென்றே தனிக் கணக்கெடுப்பு நடக்கிறது. அங்கே எடையோடு தெளித்த பரப்பையும் கணக்கிடுகிறார்கள்: ஒரு ஹெக்டேரில் ஐந்து முறை அடித்தால் ஐந்து ஹெக்டேர். எடை இறங்கும்போது பரப்பு ஏறுகிறதா என்பதைப் பயிர்வாரியாகப் பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில், தொழிலாக மருந்தடிப்பவர் எதை, எப்போது, எவ்வளவு, எந்தப் பயிருக்கு என்று எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் நோட்டுப் புத்தகம் கேட்பது நடக்கிற காரியமல்ல, ஒப்புக்கொள்கிறேன். கடையில் தொடங்கலாம். மானிய உர மூட்டை வாங்க ஆதார் போன்ற ஓர் அடையாள ஆவணமும் பிஓஎஸ் கருவியில் பதிவும் 2018 முதல் நாடெங்கும் கட்டாயம். பக்கத்து அலமாரியில் சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டிலுக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. மருந்துக்கடைக்காரர் இன்றும் முதலில் கேட்பது “என்ன பயிர்? என்ன பூச்சி?” என்றுதான். அந்த இரண்டு பதிலையும் ரசீதில் ஏற்றினால், எந்த வட்டாரத்துக் கத்திரிக்கு எந்த மருந்து எத்தனை முறை போனது என்ற முதல் கணக்கு ஒரே பருவத்தில் கிடைத்துவிடும்.