பேக்லாக் டூல் வாங்குறதுக்கு முன்னாடி

பொட்டி தட்டுறவங்களைக் கட்டிக்கிட்டவங்களுக்காக முதல்ல ஒரு விளக்கம். பேக்லாக்னா இன்னும் செய்யவேண்டிய வேலைகளோட லிஸ்ட். முக்கியமானது மேல, மத்ததெல்லாம் கீழ. மளிகை லிஸ்ட் மாதிரிதான், ஆனா எழுதுறது பத்து பேரு, வாங்கிட்டு வர்றது வேற பத்து பேரு :-) அஜைல் டீம்ல பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை மேல இருந்து கொஞ்சம் எடுத்து முடிப்பாங்க. அந்த லிஸ்டை எந்த மென்பொருள்ல வச்சுக்கிறதுன்னுதான் இங்க டெக்னோபார்க்ல சாயா குடிக்கப் போனாலும் சண்டை.

ஜிராதான் வேணும்னு ஒரு கட்சி. ட்ரெல்லோ போதும்னு ஒரு கட்சி. ரெட்மைன் சும்மா கிடைக்கும்போது காசு எதுக்குன்னு இன்னொரு கட்சி. எல்லாரும் பாக்கிறது வசதியும் விலையும்தான். என் கட்சி வேற. நாளைக்கு அதை விட்டு எப்படி வெளிய வர்றதுன்னு முதல்ல பாருங்க. வாடகை வீடு மாறி மாறிப் பழகின நமக்கு இதைத் தனியா சொல்லணுமா என்ன?

இது வெறும் பயம் இல்ல. 2017-ல ட்ரெல்லோவை ஜிராவோட முதலாளியான அட்லாசியனே வாங்கிடுச்சு. சொந்த சர்வர்ல ஓட்டுற ஜிரா சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரியோட ஆதரவு நின்னுச்சு. பலருக்கும் பிடிச்ச பிவோட்டல் ட்ராக்கர் 2025 ஏப்ரல் 30-ஓட மூடியே போச்சு.

நம்ம டீம்ல ஆட்களும் நிலையில்ல. இன்னிக்கு கழக்கூட்டம், ரெண்டு வருஷத்துல பெங்களூரோ துபாயோ. அவங்க போனப்புறம், ஒரு வேலையை ஏன் தள்ளிப்போட்டோம், ஏன் வேண்டாம்னோம்னு சொல்றது அந்த டிக்கெட்டுக்குக் கீழ நடந்த பேச்சு மட்டும்தான். டூல் மாத்தும்போது அது தொலைஞ்சா, பொங்கலுக்கு ஊருக்குப் போனவருக்கு போன் போகும். வீட்டுல எல்லாரும் சாப்பிட உக்காந்திருப்பாங்க, இவரு மொட்டை மாடியில நின்னு பழைய கதை சொல்லிக்கிட்டு இருப்பாரு. விலைப் பட்டியல்ல இந்தச் செலவு இருக்காது.

அப்ப ரெட்மைன்தானா? 2006-ல இருந்து இருக்கிற கட்டற்ற மென்பொருள், டேட்டாபேஸ் நம்ம கையில. 2001-ல ஸ்டால்மன் வந்து கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையோட இந்தியக் கிளையைத் தொடங்கி வச்ச ஊர் இது, எனக்கும் அந்தப் பக்கம் ஒரு சாய்வு உண்டு. ஆனா பேக்கப் எடுக்கவும் புதுப் பதிப்பு போடவும் பொறுப்பான ஒரு ஆள் வேணும். அந்த ஆள் இல்லாத டீம், காசு கொடுத்து கிளவுட்ல இருக்கிறதே மேல்.

எதுவானாலும் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. இருபது டிக்கெட் போடுங்க. பேச்சு, கோப்பு, முடிச்ச வேலை, பாதியில விட்ட வேலை எல்லாம் கலந்து இருக்கட்டும். மொத்தத்தையும் வெளிய எடுத்து இன்னொரு டூல்ல ஏத்துங்க. தலைப்பு மட்டும் வந்து பேச்சும் தேதியும் வரலைன்னா, அந்த டூல் எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

சேல்ஸ்காரர் டெமோ காட்ட வந்தா அவருகிட்டயும் முதல்ல இதையே செஞ்சு காட்டச் சொல்லுங்க. வசதியை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.