ஒரே மூச்சில் கடந்துபோகும் ஜெபக்குறிப்பு

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் ஜெபக்கூட்டத்துக்கு இரண்டு முறை போனவர்களுக்கே அந்த வரிசை மனப்பாடமாகிவிடும். முதலில் பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளைகள். அடுத்து, பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் இளம் தம்பதி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் பாட்டி. வேலை அனுமதி புதுப்பிக்கப்படுமா என்று தெரியாமல் தவிக்கும் தம்பி. ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, தேதி உண்டு, மருத்துவமனை வார்டு எண்கூட உண்டு. எல்லாம் முடிந்து, பின்வரிசை கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, ‘உலகமெங்கும் உபத்திரவப்படுகிற கிறிஸ்தவர்களுக்காக’ என்று கடைசியாக ஒரு குறிப்பு வரும். அதற்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஒரே மூச்சில் சொல்லி ஆமென் போட்டுவிட்டு, எல்லாரும் பீஹூன் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அந்தக் குறிப்புக்கென்றே நாட்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 1990களின் நடுப்பகுதியிலிருந்து பல நாட்டுச் சுவிசேஷ சபைகள் நவம்பர் தொடக்கத்து ஞாயிற்றை இதற்காக அனுசரிக்கின்றன. கத்தோலிக்கர்கள் அதே மாதத்தில் ஒரு புதன்கிழமை ஆலயங்களைச் சிவப்பு விளக்கில் நனைக்கிறார்கள். சிராங்கூன் சாலையில் அப்போது பெரும்பாலும் தீபாவளி விளக்குகள் கழற்றப்பட்டிருக்காது. ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையும், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் கட்டி முடிக்கப்பட்ட ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயமும், டோர்செட் சாலையின் ஆங்கிலிக்கன் கிறிஸ்து ஆலயமும் அந்த வெளிச்சத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான். இடையில் வீரமாகாளியம்மன் கோயில், டன்லப் ஸ்திரீட்டின் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், முஸ்தபா பக்கத்து அங்குலியா பள்ளிவாசல்.

சன்னலைத் திறந்துவைத்து உரக்க ஜெபித்தால் அடுத்த வீட்டுக்காரரின் காதில் விழும் ஊர் இது. துன்பப்படும் கிறிஸ்தவர்களுக்காக இங்கே செய்யப்படும் ஜெபத்தை அளக்க அதுவே நல்ல அளவுகோல். அதைக் கேட்டுவிட்ட முஸ்லிம் அண்டைவீட்டார் ‘ஆமீன்’ என்று சொல்ல முடியுமா? முடியாதென்றால் அந்த ஜெபத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது.

பெயரும் ஊரும் வேண்டுமென்றால் தமிழருக்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்றிருந்த நேரம். பையோடு வந்த அந்நியரைச் சபையார் ஒருவர் சந்தேகப்பட்டு உள்ளே விடவில்லை. குண்டு வெளியிலேயே வெடித்தது. இறந்தவர்கள் 31 பேர், அவர்களில் 14 பேர் குழந்தைகள். அதே காலையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மொத்தம் 260க்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

இந்த விவரங்களோடு ஜெபித்தால் அது வேறு ஜெபம். ஆனால் விவரங்களை அங்கே நிறுத்திக்கொள்ள முடியாது என்பதுதான் சிக்கல். குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரானின் ஊர் காத்தான்குடி. மட்டக்களப்பிலிருந்து சில கிலோமீட்டர். அதே காத்தான்குடியில், 1990 ஆகஸ்ட் 3 அன்று, இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சிறுவர்களும் அதில் இருந்தார்கள். தொழுகையில் குனிந்தவர்கள் முதுகில் குண்டு வாங்கியது தமிழர் துப்பாக்கியால். ஒன்று மற்றதை நியாயப்படுத்தாது. ஆனால் சீயோனுக்காகக் கண்ணீர் விடும் தமிழ்க் கிறிஸ்தவர் காத்தான்குடி என்ற பெயரைத் தாண்டிக் குதித்துப் போக முடியாது.

நீர்கொழும்பில் நடந்தது இன்னும் கசப்பானது. பாகிஸ்தானிலிருந்து தப்பி வந்த அகதிகள் நூற்றுக்கணக்கானோர் அப்போது அங்கே வாடகை வீடுகளில் இருந்தார்கள். பெரும்பாலோர் அஹ்மதியாக்கள்; சிலர் கிறிஸ்தவர்கள். சொந்த நாட்டில் மதத்துக்காக விரட்டப்பட்டு வந்தவர்கள். குண்டுவெடிப்புக்குப் பிறகு, கோபம் கொண்ட ஊர்க்காரர்களுக்குப் பயந்து அவர்கள் இரண்டாம் முறையாக வீடு விட்டு ஓடினார்கள். கர்தினால் மால்கம் ரஞ்சித் நேரில் வந்து அமைதி காக்கும்படி கெஞ்ச வேண்டியிருந்தது.

துன்புறுத்தலின் செய்தி எங்கே போய் முடியும் என்பதைச் சிங்கப்பூரும் கண்டது. 2020 டிசம்பரில் 16 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார். இந்தியர், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் தாக்குதல்களின் நினைவு நாளான 2021 மார்ச் 15 அன்று, தம் வீட்டருகே இரண்டு பள்ளிவாசல்களில் புகுந்து வெட்டிக் கொல்லத் திட்டமிட்டிருந்தார் என்று உள்துறை அமைச்சு ஜனவரி 27இல் அறிவித்தது. அவரை அந்த எண்ணத்துக்குத் தள்ளியவற்றில் ஒன்று, லிபியாவில் எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களை ஐஎஸ் பயங்கரவாதிகள் கொல்லும் காணொளி.

அதாவது, சபைகள் ஜெபக்குறிப்பாக ஏந்தும் அதே செய்தி. ஒரு பையனின் அறையில், ஒரு திரையில், யாரும் கூட இல்லாமல், அது வெட்டுக்கத்தியாக மாறியது.

2015இல், லிபியக் கடற்கரையில், 21 பேரின் கழுத்து அறுக்கப்பட்ட இன்னொரு காணொளியும் வெளியானது. 20 பேர் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள், ஒருவர் கானாக்காரர். அவர்களில் இருவரின் சகோதரரான எகிப்தியர் ஒருவர், கிறிஸ்தவத் தொலைக்காட்சியின் நேரலையில், கொன்றவர்களின் கண்கள் திறக்கப்பட வேண்டும் என்று ஜெபித்தார். வலி அவருடையது. சிங்கப்பூர் மாணவருக்கோ இரவல் கோபம். இந்தக் கொலைகளை வாட்ஸ்அப்பில் ‘அதிகமாகப் பகிருங்கள்’ என்று தள்ளிவிடும் பெரியவர்கள் இந்த இரண்டு பேரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

ஜெபம் மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம், அதில் அரசுக்கென்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. சிங்கப்பூரில் அந்தக் கேள்விக்கு 2017இல் பதில் கிடைத்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலின் இமாம், யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராகத் தங்களுக்கு உதவும்படி இறைவனை வேண்டும் ஒரு துஆவை அரபியில் ஓதினார். அது குர்ஆன் வசனம் அல்ல. காணொளி பரவியது. ஏப்ரல் 3ஆம் தேதி நீதிமன்றம் 4,000 வெள்ளி அபராதம் விதித்தது. அவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். போவதற்கு முன் அவர் கிறிஸ்தவ, யூத, மற்ற சமயத் தலைவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். வாட்டர்லூ ஸ்திரீட்டின் யூத ஆலயத்துக்கே போனார். மறு ஆண்டு, ஒரு கிறிஸ்தவ மாநாட்டில் அமெரிக்கப் பிரசங்கியார் ஒருவர் முஸ்லிம்களைப் பற்றிப் பேசியதற்காக, அழைத்த சபையின் போதகர் முஃப்தியைச் சந்தித்து வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. இரு தரப்பும் தலைகுனிந்த இந்தக் காட்சிகள் சட்டத்துக்கு அஞ்சி நடந்தவைதானே என்று ஏளனம் செய்யலாம். சட்டம் இல்லாத ஊர்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

பகைவருக்காக ஜெபிக்கும்படி மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை எல்லாப் போதகர்களும் அறிவார்கள். எப்படி என்பதுதான் கஷ்டம். அதற்கு ஓர் உள்ளூர் விடை இருக்கிறது.

ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்தவர் லெனர்ட் வில்சன். ஓகாவா என்ற ஜப்பானியக் கிறிஸ்தவ அதிகாரியின் தயவால் ஓராண்டுக்கு மேல் வெளியில் இருந்து ஊழியம் செய்தார். 1943 மார்ச்சில் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். அந்த செப்டம்பரில் துறைமுகத்தில் கப்பல்கள் வெடித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கமாண்டோக்களின் வேலை அது. கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலிசோ சாங்கிக் கைதிகளைச் சந்தேகித்தது. அக்டோபர் 10இல் தொடங்கிய அந்தத் தேடலில் 57 பேர் சித்திரவதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். 15 பேர் இறந்தார்கள். ‘இரட்டைப் பத்து’ என்று வரலாறு அதைச் சொல்கிறது.

வில்சன் பிடிபட்டது அக்டோபர் 17. பல நாட்கள் கட்டிவைத்து அடித்தார்கள். உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். போருக்குப் பின், 1946இல், பிபிசி வானொலிப் பிரசங்கம் ஒன்றில் அவர் அந்த நாட்களைப் பற்றிப் பேசினார். மன்னிக்க வேண்டும் என்று தெரிந்தும் அவர்களுடைய கொடிய முகங்களைப் பார்க்கையில் முடியவில்லையாம். பிறகு, அந்த மனிதர்கள் சிறு பிள்ளைகளாக, அண்ணன் தங்கையோடு விளையாடிக்கொண்டு, பெற்றோரின் செல்லமாக இருந்த நாட்களை மனத்தில் கொண்டுவந்தாராம். சின்னப் பிள்ளைகளை வெறுப்பது கடினம் என்று கண்டாராம். போருக்குப் பிறகு அந்தச் சித்திரவதைக்காரர்களில் ஒருவர், போர்க் கைதியாக, அவர் கையால் திடப்படுத்தல் பெற்றார்.

இதைச் சுலபமான பக்திக் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வில்சனின் உடலிலிருந்து தழும்புகள் போகவில்லை. 15 பேர் எழுந்து வரவும் இல்லை. அவர் செய்தது ஒரு பயிற்சி. அடிப்பவனுக்கு ஒரு வயதையும் ஒரு வீட்டையும் கொடுத்துப் பார்த்தார். ஓர்ச்சர்ட் சாலைத் தொடக்கத்திலிருந்த பழைய ஒய்எம்சிஏ கட்டடம்தான் கெம்பெய்தாயின் பெயர்பெற்ற வதைக்கூடம். அதே தேடலில் பிடிபட்ட எலிசபெத் சோய் அங்கேதான் ஏறத்தாழ 200 நாட்கள் அடைபட்டுக் கிடந்தார். ஷார்ட் ஸ்திரீட் சபையிலிருந்து அந்த இடத்துக்குப் பத்து நிமிட நடை.

எண்ணிக்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 38 கோடிக்கும் அதிகமான கிறிஸ்தவர்கள் கடுமையான துன்புறுத்தலையோ பாகுபாட்டையோ சந்திப்பதாக ஓப்பன் டோர்ஸ் அமைப்பின் 2025ஆம் ஆண்டுப் பட்டியல் சொல்கிறது. முதலிடம் வடகொரியாவுக்கு. கேட்பவரை மலைக்க வைக்கும் எண். ஆனால் கோடிகளுக்காக யாரும் அழுததில்லை. மேலும், எண்ணுக்குள் போனால் கதை குழம்பும். 2023 மே 3இல் குக்கிகளுக்கும் மெய்தெய்களுக்கும் இடையே தொடங்கிய மணிப்பூர்க் கலவரத்தில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர், சுமார் 60,000 பேர் வீடிழந்தனர். குக்கிகளின் தேவாலயங்கள் எரிந்தன. மெய்தெய்களின் கோயில்களும் எரிந்தன. மெய்தெய்க் கிறிஸ்தவர்களின் ஆலயங்களை மெய்தெய்க் கும்பல்களே எரித்தன. நிலமும் இனமும் இட ஒதுக்கீடும் பிணைந்த சண்டையை ‘கிறிஸ்தவர்கள் தாக்கப்படுகிறார்கள்’ என்ற ஒரே வரியில் ஜெபிப்பது சோம்பேறித்தனம்.

குறிப்பில் யார் இடம்பெறுகிறார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. டச்சுக்காரர்கள் இலங்கையில் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்தபோது, 1687இல் பிச்சைக்கார வேடத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தவர் கோவா குருவான ஜோசப் வாஸ், இன்று புனிதர். அவரைத் தேடியவர்களும் கிறிஸ்தவர்களே. சிங்கப்பூரில் யெகோவாவின் சாட்சிகள் சபையின் பதிவு 1972இல் ரத்தானது. தேசிய சேவையை மனசாட்சிப்படி மறுக்கும் அவர்களின் பையன்கள் ராணுவத் தடுப்பு முகாமுக்குப் போகிறார்கள். அரசின் நியாயம் தனி விவாதம். அவர்கள் துர்உபதேசக்காரர்கள் என்பார்கள் சபை மூப்பர்கள். சரி, துர்உபதேசக்காரனின் அம்மாவுக்காக ஜெபிக்கக் கூடாதா?

ஜெபித்தால் ஆவதென்ன என்று சிரிப்பவர்களிடம் வாதிட முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: ஓர் ஊரின் பெயரை வாரம்தோறும் வாய்விட்டுச் சொல்பவர் அந்த ஊரை மறப்பதில்லை. ஈஸ்டர் குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேனாவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. அது வந்தது ஏறத்தாழ நான்கு ஆண்டுக்குப் பிறகு. அத்தனை காலமும் குடும்பங்களும் திருச்சபையும் அதை விடவில்லை. முழங்காலில் நின்றவர்களே நீதிமன்றப் படியும் ஏறினார்கள்.

ஆகவே போதகர்களுக்கும் ஜெபக்குழுத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் நவம்பரில் அந்தக் கடைசிக் குறிப்பை முதலில் வையுங்கள். சீயோன் என்று பெயர் சொல்லுங்கள். காத்தான்குடி என்றும் சொல்லுங்கள். வில்சன் செய்ததுபோல், அடித்தவர்களையும் பிள்ளைகளாக நினைத்துப் பார்க்க ஒரு நிமிடம் கொடுங்கள். இளையர்கள் கைப்பேசியில் தனியாகப் பார்த்துவிட்ட காணொளிகளைப் பற்றி அங்கேயே, பெரியவர்கள் முன்னால், பேசவிடுங்கள். சன்னலையும் மூட வேண்டாம். பீஹூன் பத்து நிமிடம் ஆறிப்போனால் பரவாயில்லை.