சுவருக்கு மண் சுமந்தவர்களுக்குப் பொம்மை இல்லை

ஒரு சாப்பாட்டு மேசை அளவு இடம் போதும். மேலே பச்சைத் துணி விரிப்பு, தெர்மகோலில் வெட்டிய கோட்டைச் சுவர், பஞ்சில் செய்த முள்வேலி. அதன் நடுவில் 28 மில்லிமீட்டர் உயரமுள்ள, அதாவது கட்டைவிரலில் பாதி இருக்கும் சிப்பாய்கள். ஒவ்வொரு சிப்பாய்க்கும் மெல்லிய தூரிகையால் சிவப்புக் கோட்டும் வெள்ளைக் குறுக்குப் பட்டையும் தீட்டியிருப்பார்கள். பகடை உருட்டி, அளவு நாடா வைத்து நகர்த்தி, யார் சுட்டார்கள், யார் செத்தார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடுத்தர வயது ஆண்கள் வார இறுதிகளில் ஆடும் இந்தப் பொழுதுபோக்கில் 'காலனியப் போர்கள்' என்று தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. ஆப்பிரிக்கா, ஆப்கன் எல்லை, சூடான், இந்தியா என எங்கெல்லாம் பிரிட்டிஷ் துப்பாக்கி போனதோ அங்கெல்லாம் இந்தப் பொம்மைகளும் போயிருக்கின்றன.

எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவன் இதை யூடியூபில் பார்த்துவிட்டு, "அக்கா, நம்ம பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையை இப்படிச் செஞ்சா என்ன? சுந்தரலிங்கத்துக்கு ஒரு பொம்மை செஞ்சிரலாம்" என்றான். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த ஒரு பொம்மையோடு நாம் திருப்திப்பட்டுக்கொள்ளக் கூடாது. ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டின் விதிகளைப் பார்ப்போம். 1979இல் லாரி பிராம் என்ற அமெரிக்கர் எழுதிய 'தி ஸ்வார்ட் அண்ட் த ஃபிளேம்' இந்த வகையில் பேர்பெற்றது. 2016இல் ஆஸ்ப்ரே பதிப்பகம் டேனியல் மெர்சி எழுதிய 'தி மென் ஹூ வுட் பி கிங்ஸ்' என்ற விதிப் புத்தகத்தை வெளியிட்டது. தலைப்பே கிப்ளிங்கின் கதையிலிருந்து வந்ததுதான். அதில் ஒழுங்கான காலாட்படைக்கு ஒரு பிரிவுக்கு 12 பேர், 'பழங்குடி' காலாட்படைக்கு 16 பேர். நாம் எண்ணிக்கையில் அதிகம், மதிப்பில் குறைவு! இன்னும் ஒன்று உண்டு. எதிரே ஆட ஆள் கிடைக்காவிட்டால் தனியாகவும் ஆடலாம். அப்போது உள்ளூர்ப் படையை நகர்த்த மனிதர் தேவையில்லை, பகடையும் ஒரு விதிப்பட்டியலுமே போதும். அதாவது வெள்ளைக்காரன் பக்கம் யோசிக்க ஒரு மூளை இருக்கிறது, நம் பக்கம் ஓர் இயந்திரம் ஓடுகிறது. புத்தகம் எழுதியவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. யாரும் கெட்ட எண்ணம் வைக்காமலேயே இப்படி அமைந்துவிடுகிறது என்பதுதான் பிரச்சினை.

"பொம்மை விளையாட்டுதானே, இதில் என்ன அரசியல்?" என்று கேட்பவர்கள் நவராத்திரிக்கு ஒரு கொலு வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். மேல்படியில் யார், கீழ்ப்படியில் யார்? செட்டியார் பொம்மை எந்தப் படி, குறவன் குறத்தி எந்தப் படி? படிக்கட்டை யாரும் சும்மா கட்டுவதில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கட்டபொம்மன் தப்பி, பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். 1959இல் சிவாஜி வசனம் பேசியதிலிருந்து குழந்தைக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த கட்டம். 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாட்களில் மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தால், இடித்துத் தள்ளிய கோட்டை மறுபடி எழுந்து நிற்கிறது! மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலில் கம்பெனிப் படை பெருஞ்சேதத்தோடு திரும்பியது. கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பீரங்கிகளும் கொண்டுவந்த பிறகு, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் அந்தச் சுவரை வியந்து எழுதியிருக்கிறார்.

வியப்பு சுவருக்குக் கிடைத்தது. அதற்கு மண் வெட்டியவர், மிதித்தவர், சுமந்தவர் யார்?

நூறு நாள் வேலையில் கண்மாய் மண் அள்ளும் பெண்களோடு நான் வேலை பார்க்கிறேன். ஒரு கன மீட்டர் மண் என்றால் எத்தனை சட்டி, எத்தனை நடை, மாலையில் கழுத்து எப்படி இருக்கும் என்று அவர்கள் சொல்லுவார்கள். ஒரு கோட்டைக்கு, அதுவும் சில நாட்களில், எத்தனை தலைகள் வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கரிசக்காட்டில் மண்வேலை எந்தத் தெருவுக்கு விதிக்கப்பட்டிருந்தது என்று கண்டுபிடிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. அந்த மக்கள் மண்ணை ஆசையோடு சுமந்தார்களா, அடிக்குப் பயந்து சுமந்தார்களா, கூலி கிடைத்ததா? தேசபக்தி வரலாறும் இதைக் கேட்கவில்லை, வெள்ளைக்காரன் வரலாறும் கேட்கவில்லை. பொம்மை மேசையில் அந்தச் சுவர் கடையில் வாங்கிய தெர்மகோல், அதற்கு உழைப்பே கிடையாது.

சிவப்புக் கோட்டு பொம்மைகளையும் உற்றுப் பாருங்கள். கம்பெனியின் சென்னைப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். குழி தோண்டவும் பாலம் கட்டவும் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் அவர்கள் பெயர் பெற்றவர்கள். எட்டயபுரத்தின் ஆட்களும் கம்பெனி பக்கம்தான் நின்றார்கள். ஆகவே 'வெள்ளையன் எதிர் தமிழன்' என்ற மேசை ஆரம்பத்திலேயே பொய். சேரி மக்கள் கோட்டைக்கு உள்ளேயும் இருந்தார்கள், வெளியேயும் இருந்தார்கள். போர் முடிந்ததும் பாஞ்சாலங்குறிச்சி நிலம் கம்பெனிக்கு விசுவாசமாக இருந்த பாளையங்களுக்குப் பங்கு போனது. 1803இல் பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். மண் சுமந்தவருக்கு எந்தப் பங்கும் வரவில்லை.

சுந்தரலிங்கத்துக்கு வருகிறேன். கவர்னகிரியில் பிறந்து, கட்டபொம்மனின் தளபதியாக இருந்து, வடிவோடு சேர்ந்து கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து உயிர் விட்டவர் என்று தேவேந்திர மக்களின் நினைவு சொல்கிறது. "ஆவணம் எங்கே?" என்று உடனே கேட்பார்கள். மற்ற சாதி வீரர்களின் கதைப்பாடல்களை நெஞ்சு நிமிர்த்தி வரலாறு என்று ஏற்றுக்கொள்பவர்கள், நம்மிடம் வரும்போது மட்டும் ஆவணக் காப்பக அதிகாரிகளாகிவிடுகிறார்கள். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டம் பற்றி எரிந்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. ஒரு தலித்தின் பெயரோடு ஒரே பேருந்தில் போவதைவிட யாருக்குமே பெயர் வேண்டாம் என்பதுதான் அன்று கிடைத்த 'சமத்துவம்'.

அதனால் அந்தப் பொம்மை வேண்டும் என்று தம்பி கேட்டதில் தவறே இல்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் நாமும் 'ஆண்ட பரம்பரை' வரிசையில் டோக்கன் வாங்கி நிற்கிறோம். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தளபதி, ஒரு குதிரை, ஒரு மணிமண்டபம், ஒரு குருபூஜை, ஒரு வண்ணம். சிப்பாய்ப் பொம்மைக்கு வண்ணம் பூசுவது யாரைச் சுடலாம் என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காகத்தான். நம் பள்ளிக்கூடங்களில் பையன்கள் கட்டும் கைக்கயிறு வேறு எதற்காக? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது உடன்படித்த பிள்ளைகள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. அதை எதிர்த்துக் கத்தியவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று பீமா கோரேகான் தூணுக்குப் போனதை இங்கே நினைக்க வேண்டும். 1818 போரில் கம்பெனிப் படையில் நின்று செத்த மகர்களின் பெயர்கள் அந்தக் கல்லில் இருக்கின்றன. அவர் அங்கே பரம்பரைப் பெருமை பேசி மீசை முறுக்கவில்லை. எங்கள் இரத்தத்தில் சாம்ராஜ்யம் கட்டிவிட்டுப் பிறகு 'போர் மரபினர் இல்லை' என்று எங்களையே படையிலிருந்து துரத்தினீர்களே என்று கணக்குக் கேட்டார். பெயர்கள் அவருக்குக் கடன் பத்திரம் மாதிரி. ஒட்டப்பிடாரம் பக்கம் கம்பெனி அதிகாரிகளின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. மண் சுமந்தவர்களுக்கு அப்படி ஒரு கல் கிடையாது, ஆகவே நம் கணக்கை வேறு வழியில்தான் எழுத வேண்டும்.

ஆகவே தம்பி, விளையாட்டைச் செய்வோம். ஆயிரக்கணக்கில் செலவழித்து இங்கிலாந்திலிருந்து உலோகப் பொம்மை வரவழைக்க வேண்டாம், களிமண்ணும் கோவில்பட்டித் தீப்பெட்டியும் போதும். சுந்தரலிங்கமும் வடிவும் இருக்கட்டும், பெயரோடு இருக்கட்டும். தளபதிகள் ஐந்து பேர் என்றால் மண்சட்டி சுமப்பவர்கள் ஐம்பது பேர் வேண்டும், அதில் பாதிக்கு மேல் பெண்கள். சிவப்புக் கோட்டிலும் நம் தெருக்காரர்கள் நிற்கட்டும், அவர்கள் முகத்துக்கும் நம் முகத்தின் நிறத்தையே பூசு. முதல் ஆறு சுற்றுக்குத் துப்பாக்கி கிடையாது, சுவர் மட்டும்தான் எழும்பும். சட்டி சுமப்பவர் எந்தச் சுற்றிலும் வேலையைப் போட்டுவிட்டுப் போகலாம், அதற்கும் ஒரு பகடை உண்டு. அவர்களுக்குக் கூலி எவ்வளவு, யார் தருவது என்று கட்டபொம்மன் பக்கம் ஆடுபவரும் கம்பெனி பக்கம் ஆடுபவரும் வாய்விட்டுச் சொல்லாமல் ஏழாவது சுற்றைத் தொடங்கக் கூடாது.